கருக்கலைப்பு மாத்திரைக்குப் பிறகு மனசு: பெங்களூர்த் தமிழ்ப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

9 வாரத்துக்குள் மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் மாத்திரை போட்டுக் கருவைக் கலைத்தவர்களுக்கான பக்கம் இது. மாத்திரையை எப்படிப் போடுவது என்று சொல்ல ஆள் கிடைக்கும். போட்ட பிறகு வரும் அழுகையையும் பயத்தையும் பற்றிப் பேசத்தான் ஆள் கிடைப்பதில்லை. சொந்த ஊரை விட்டு வந்து, அரைகுறைக் கன்னடத்தில் சமாளித்துக்கொண்டு, எலக்ட்ரானிக் சிட்டி பி.ஜி. அறையிலோ அல்சூரில் மாமியாரோடு ஒரே வீட்டிலோ இருப்பவர்களுக்கு இன்னும் சிரமம்.

முதலில் உடம்பு. ஒரு மணி நேரத்துக்கு 2 பெரிய நாப்கின் முழுக்க நனைந்து அது தொடர்ந்து 2 மணி நேரம் நீடித்தால், மயக்கம் வந்தால், மிசோப்ரோஸ்டால் போட்டு 24 மணி நேரம் கழிந்தும் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இருந்தால், நாற்றமடிக்கும் வெள்ளை பட்டால், வலி மாத்திரைக்கும் அடங்காத வயிற்று வலியோ தோள்பட்டை வலியோ இருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஆம்புலன்ஸ் 108. டாக்டரிடம் போகாமல் மெடிக்கலில் வாங்கிப் போட்டவர்களும் தயங்க வேண்டாம். அங்கே உங்களுக்குத் தேவை சிகிச்சை, விளக்கம் இல்லை.

நாலு நாள் ஆகிறது. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. இது ஹார்மோனா, மனசா?

இரண்டும்தான். ஆனால் முதல் இரண்டு வாரத்தில் உடம்பின் பங்கு நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

கர்ப்பம் நிலைக்கத் தேவையான புரோஜெஸ்டிரோன் ஹார்மோனின் வேலையை மிஃபெப்ரிஸ்டோன் தடுக்கிறது. கரு வெளியேறியதும் எச்.சி.ஜி. (கர்ப்ப டெஸ்ட்டில் கோடு காட்ட வைக்கும் ஹார்மோன்), ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் மூன்றும் இறங்குகின்றன. பீரியட்ஸுக்கு முந்தைய நாட்களில் சிலருக்கு எரிச்சலும் அழுகையும் வருமே, அதே மாதிரியான இறக்கம், இன்னும் செங்குத்தாக. குமட்டல் சில நாளிலேயே போய்விடும். மார்புக் கனம் ஒரு வாரம், பத்து நாள்கூட இருக்கலாம்.

இதோடு இரத்தப்போக்கு, விட்டுவிட்டு வரும் தூக்கம், சரியாகச் சாப்பிடாதது எல்லாம் சேர்கின்றன. பலர் கவனிக்காத ஒன்று இரத்தசோகை. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை என்று கணக்கு. நம்மூரில் கர்ப்பமாவதற்கு முன்பே அந்த அளவுக்குக் கீழே இருக்கும் பெண்கள் ஏராளம். எழுந்தால் தலைசுற்றல், மாடிப்படி ஏறினால் படபடப்பு, எதிலும் பிடிப்பில்லாத சோர்வு, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் என்று அது மனச்சோர்வு போலவே வேஷம் போடும். செக்கப்புக்குப் போகும்போது சி.பி.சி. இரத்தப் பரிசோதனையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் காபி, டீயோடு விழுங்காதீர்கள். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சை ஜூஸோடு போட்டால் நன்றாக உடம்பில் சேரும்.

அழுகை வரும்போது வேறு எதையும் யோசிப்பதற்கு முன் மூன்று கேள்வி: கடைசியாக எப்போது சாப்பிட்டேன்? நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினேன்? வலி இருக்கிறதா? ஆறு மணி நேரமாக எதுவும் சாப்பிடாத ஒருத்தி, ராத்திரி 2 மணிக்குத் தன் வாழ்க்கையைப் பற்றி எடுக்கும் எந்த முடிவையும் நம்ப வேண்டாம். ரசம் சாதமோ, பி.ஜி.யில் வேறு வழியில்லையென்றால் பிரெட்டும் பாலுமோ சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்து அதே எண்ணத்தைப் பாருங்கள். கொஞ்சமாவது லேசாகியிருந்தால், அதில் ஒரு பங்கு உடம்பினுடையது.

இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் தினமும் ஒரே வரி எழுதுங்கள்: தேதி, இரத்தப்போக்கு எவ்வளவு, தூக்கம், மனசுக்கு 10க்கு எத்தனை மார்க். எண்கள் ஏறி இறங்கினாலும் மொத்தத்தில் மேலே போனால் ஆறிக்கொண்டிருக்கிறீர்கள். இறங்கிக்கொண்டே போனால் அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். வாயால் சொல்வதைவிட அந்தப் பக்கம் தெளிவாகச் சொல்லும்.

எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது. அழுகையே வரவில்லையே, நான் கல்நெஞ்சக்காரியா?

இல்லை. அதிகம் பேருக்கு வரும் உணர்வே நிம்மதிதான். அமெரிக்காவில் சுமார் 1,000 பெண்களை 5 ஆண்டுகள் பின்தொடர்ந்த டர்ன்அவே ஆய்வில், கருக்கலைப்பு செய்துகொண்டவர்கள் எல்லாக் கட்டத்திலும் அதிகமாகச் சொன்னது அதைத்தான். 5 ஆண்டு கழித்தும் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் முடிவு சரிதான் என்றார்கள். நமக்குத்தான் சினிமாவும் சீரியலும் வேறு மாதிரிச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன.

இவ்வளவு வருத்தப்படுகிறேன் என்றால், தப்பான முடிவு எடுத்துவிட்டேன் என்றுதானே அர்த்தம்?

அந்த முடிச்சைத்தான் முதலில் அவிழ்க்க வேண்டும். சரியான முடிவுக்கும் வலி உண்டு. ஊரை விட்டு வேலைக்கு வரும்போது பஸ்ஸில் அழுதவர்கள் எல்லாரும் தப்பான வேலைக்குப் போனவர்கள் இல்லையே.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மாத்திரை போடுவதற்கு முதல் நாள் உங்கள் நிலைமை என்னவாக இருந்தது என்று அரைப் பக்கம் எழுதுங்கள். கையில் இருந்த பணம், வேலை, உடம்பு, மூத்த குழந்தையின் வயது, அவரோடு இருந்த உறவு எல்லாம். இன்று தெரிந்ததை அதில் சேர்க்கக் கூடாது. எழுதியதை உங்கள் தங்கை எழுதியதாக நினைத்து வாசியுங்கள். அவளுக்கு என்ன சொல்வீர்கள்?

சிலருக்கு இதைச் செய்த பிறகும் "கலைக்க வேண்டாம் என்றிருக்கலாம்" என்று தோன்றும். தோன்றட்டும். அதையும் மறுக்க வேண்டாம். அப்போது உங்களுக்கு வேண்டியது முடிவு சரியா தப்பா என்ற வழக்கில் வாதாடுவது இல்லை, இழப்பு வந்த வீட்டில் இருப்பவர்களுக்கு வேண்டியதே: அழ இடம், சாப்பாடு, ஓய்வு, பக்கத்தில் ஒரு ஆள்.

பாத்ரூமில் பார்த்தது கண்ணை விட்டுப் போகவில்லை.

மாத்திரை முறையில் இது அடிக்கடி வரும் பிரச்சினை. ஆஸ்பத்திரியில் நடந்தால் நர்ஸ் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் நீங்களே தனியாகப் பார்த்தீர்கள், அதுவும் வயிற்று வலியின் உச்சத்தில். இவ்வளவு வரும் என்று முன்கூட்டியே யாரும் சொல்லாததுதான் பாதி அதிர்ச்சி.

என்ன பார்த்தீர்கள் என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது சிலருக்கு உதவும். வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். பெரும்பாலும் அது கருஞ்சிவப்பு இரத்தக் கட்டிகளும் கர்ப்பப்பையின் உள் படலமும்தான். சாம்பல் கலந்த வெண்மையாகத் திசு மாதிரி இருந்தது கருப்பையில் வளர்ந்த பை. 7 வாரத்தில் கருவின் நீளம் சுமார் 10 மில்லிமீட்டர், 9 வாரத்தில் 23 மில்லிமீட்டர். அந்தக் கட்டத்தில் வலியை உணர்வதற்கான மூளை இணைப்புகள் உருவாகியிருக்காது. இதற்கு மேல் இணையத்தில் படம் தேடாதீர்கள். பல படங்கள் மாதம் அதிகமான கருவினுடையவை, பயமுறுத்துவதற்கென்றே போடப்பட்டவை.

காட்சி திரும்பத் திரும்ப வரும்போது விரட்டினால் இன்னும் வேகமாக வரும். செய்ய வேண்டியது, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று மூளைக்குக் காட்டுவது. கால் இரண்டையும் தரையில் அழுத்தி வையுங்கள். கண்ணில் படும் 5 பொருளைப் பெயர் சொல்லுங்கள், வாய்விட்டு: மிக்ஸி, காலண்டர், செருப்பு. தொட முடிகிற 4, காதில் விழும் 3, மூக்குக்கு எட்டும் 2, நாக்கில் ருசி 1. பிறகு 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து 6 எண்ணும் வரை விடுங்கள், பத்து முறை. வெளியே விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். படபடப்பைக் குறைப்பது அதுதான்.

அதே பாத்ரூமைத் தினமும் உபயோகிக்க வேண்டியிருந்தால் அதில் எதையாவது மாற்றுங்கள். பக்கெட், மக், சோப்பு, பல்பு, எது முடியுமோ அது. அன்று உபயோகித்த சோப்பின் வாசனையே போதும், காட்சியை இழுத்துக்கொண்டு வர. கேட்பதற்கு அற்பமாக இருக்கும், செய்து பார்த்தால் தெரியும்.

ஒரு மாதம் தாண்டியும் காட்சி வருகிறது, கனவில் திடுக்கிட்டு எழுகிறீர்கள், பாத்ரூம் போகவே பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறீர்கள் என்றால் அது அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பாக இருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது, நன்றாகப் பலன் தரும். கீழே எங்கே போவது என்று சொல்லியிருக்கிறோம்.

உள்ளே ஏதோ தங்கிவிட்டது என்ற பயத்தில் தூக்கம் போய்விட்டது. வீட்டில் டெஸ்ட் செய்தால் இன்னும் இரண்டு கோடு வருகிறது.

வரும். எச்.சி.ஜி. முழுக்க இறங்க நேரம் எடுக்கும், கரு முழுதாக வெளியேறிய பிறகும் சுமார் 4 வாரம் வரை சிறுநீர் டெஸ்ட் பாசிட்டிவ் காட்டலாம். அதனால் இந்த நாட்களில் கிட் வாங்கி வாங்கிப் பார்ப்பது பயத்துக்குத் தீனி போடும் வேலை.

கணக்காகப் பார்க்க வேண்டியவை இவை: மிசோப்ரோஸ்டால் போட்ட பிறகு பீரியட்ஸைவிட அதிகமாக இரத்தமும் கட்டிகளும் வந்தனவா? வலி உச்சத்துக்குப் போய்க் குறைந்ததா? குமட்டல் போனதா? மூன்றுக்கும் ஆம் என்றால் கலைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த முறை நூற்றுக்கு 95 பேருக்கு மேல் வேறு தலையீடு இல்லாமல் முடிந்துவிடும். இரத்தப்போக்கு ஒன்பது முதல் பதினான்கு நாள், திட்டுத் திட்டாகப் படுவது ஒரு மாதம் வரைகூட வழக்கம். முதல் மாத்திரை போட்டதிலிருந்து 15ஆம் நாள் செக்கப்பைத் தவற விடாதீர்கள், பயத்துக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. மிசோப்ரோஸ்டால் போட்டு 24 மணி நேரத்தில் இரத்தமே வரவில்லை, அல்லது ஒரு வாரம் கழித்தும் வாந்தியும் மார்புக் கனமும் அப்படியே இருக்கின்றன என்றால் 15ஆம் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் கர்ப்பப்பையின் உள் படலம் தடிமனாக இருக்கிறது, கொஞ்சம் கட்டி இருக்கிறது என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் நிறைய. உங்களுக்குக் காய்ச்சல், அதிக இரத்தம், அடங்காத வலி எதுவும் இல்லையென்றால் அந்தத் தடிமன் எண்ணை மட்டும் வைத்துக் கர்ப்பப்பையைக் கிளீன் செய்யத் தேவையில்லை. டாக்டர் சொன்னால் "எனக்கு என்ன அறிகுறி இருப்பதால் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

தூக்கத்துக்கு: கவலைப்பட ஒரு நேரம் ஒதுக்குங்கள். சாயங்காலம் 6 மணிக்கு 15 நிமிஷம் உட்கார்ந்து பயத்தை எல்லாம் எழுதி நோட்டை மூடுங்கள். ராத்திரி வரும் கவலைக்கு "நாளைக்கு ஆறு மணிக்கு" என்று பதில். முதல் மூன்று நாள் வேலை செய்யாது. விடாதீர்கள்.

பாவம் செய்துவிட்டேன், சாபம் பிடிக்கும் என்கிறது மனசு. சாமி கும்பிடலாமா?

கும்பிடலாம். இரத்தப்போக்கு இருக்கும்போது பூஜை அறைக்குள் போவதா என்பது உங்கள் வீட்டு வழக்கம். மனசுக்குள் பேசுவதற்கு எந்தத் தீட்டும் இல்லை. சர்ச்சுக்கோ மசூதிக்கோ போகிறவர்களுக்கும் இதுதான். மதத்தில் உள்ள நம்பிக்கை வேறு, மதத்தின் பெயரால் உங்களை ஒருவர் திட்டுவது வேறு.

குற்ற உணர்வைக் கையாள ஒரு வேலை: அது சொல்லும் வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். "நீ ஒரு கொலைகாரி." அதன் கீழே, இது யார் குரல் என்று எழுதுங்கள். பல சமயம் அது அத்தையின் குரல், ஒரு பிரசங்கத்தின் குரல், வாட்ஸ்அப் ஃபார்வர்டின் குரல். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் உங்கள் இரண்டாவது குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியிருப்பாரா, உங்கள் பிரஷர் ஏறியபோது கூட இருந்திருப்பாரா? கேட்டுப் பாருங்கள். உங்கள் சொந்தக் குரல்தான் அது என்றால், அதோடு பேச ஒரு வழி கடிதம். கருவுக்கே எழுதலாம், உங்களுக்கே எழுதிக்கொள்ளலாம். எழுதி வைத்துக்கொள்வதும் கிழித்துப் போடுவதும் உங்கள் இஷ்டம். ஒரு விளக்கு ஏற்றுவது, ஒரு செடி நடுவது சிலரை ஆற்றும். எல்லாருக்கும் தேவையில்லை, செய்யாவிட்டால் குறையும் இல்லை.

தோஷம் கழிக்கிறேன், பரிகாரம் இத்தனை ஆயிரம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் ரகசியம் ஒருவர் கையில் பணமாக மாறக் கூடாது.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியே ஆக வேண்டுமா?

சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் பெண்களை அதிகம் வாட்டுவது மாத்திரையைவிடத் தனிமைதான் என்பது எங்கள் கருத்து. ரூம்மேட் முன் சிரிப்பதும், அம்மாவிடம் போனில் "ஜலதோஷம்மா" என்பதும், நாப்கினை மூன்று கவரில் சுற்றி எடுத்துப்போய்ப் போடுவதும் பகல் முழுக்க நடிக்கும் வேலை. அது சக்தியைத் தின்னும்.

ஒரே ஒரு ஆள் போதும். தேர்ந்தெடுக்கும்போது, இதற்கு முன் நீங்கள் சொன்ன ரகசியத்தை வெளியே விடாதவரா, நீங்கள் பேசும்போது நடுவில் தன் கதையை ஆரம்பிக்காதவரா என்று மட்டும் பாருங்கள். நெருக்கமான சொந்தம் என்பது இங்கே தகுதி இல்லை. சொல்லும் முறை: "அக்கா, ஒண்ணு சொல்லணும். நீங்க யோசனை எதுவும் சொல்ல வேண்டாம், கேட்டா போதும். போன வாரம் மாத்திரை போட்டுக் கருவைக் கலைச்சேன். உடம்பு பரவாயில்ல, மனசுதான் சரியில்ல." இவ்வளவுதான். காரணம் சொல்ல வேண்டியதில்லை. டைப் செய்து அனுப்பாதீர்கள். நேரிலோ போனிலோ சொல்லுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது.

டாக்டர் வெளியே சொல்லிவிடுவாரோ என்ற பயம் வேண்டாம். 2021இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தில் சேர்த்த 5ஏ பிரிவு, சட்டம் அனுமதித்தவரைத் தவிர வேறு யாருக்கும் உங்கள் பெயரைச் சொன்னால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது.

கல்யாணம் ஆகவில்லை. போலீஸ், வீடு என்று ஏதாவது வருமா?

18 வயது முடிந்திருந்தால் உங்கள் கையெழுத்து மட்டும் போதும். அப்பா, அம்மா, கணவர், காதலர் யாருடைய சம்மதமும் சட்டப்படி தேவையில்லை. கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்று பிரித்துப் பார்க்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 18க்குக் கீழே என்றால் காப்பாளரின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும்.

அவர் எதுவும் நடக்காத மாதிரி இருக்கிறார். கோபம் கோபமாக வருகிறது.

கோபம் நியாயம்தான். வலியும் இரத்தமும் ஒரு உடம்பில் மட்டும் நடந்தது. ஆனால் எதுவும் பேசாமல் இருக்கும் ஆண்களில் பலருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, சொன்னால் நீங்கள் அழுவீர்களோ என்று ஒதுங்குகிறார்கள். "உங்களுக்கு அக்கறையே இல்லை" என்று ஆரம்பித்தால் சண்டையில் முடியும். செய்ய வேண்டியதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: "ராத்திரி பத்து நிமிஷம் பக்கத்துல உக்காருங்க. பேச வேண்டாம்." "15ஆம் நாள் செக்கப்புக்கு லீவு போட்டுட்டு வாங்க."

இதை அவரிடம் காட்டுவதாக இருந்தால் அவருக்கு நாலு வரி. "இன்னொண்ணு பெத்துக்கலாம்", "முடிஞ்சது முடிஞ்சு போச்சு", "நீதானே முடிவு பண்ணே" மூன்றையும் சொல்லாதீர்கள். வெந்நீர்ப் பை, நாப்கின், இரும்பு மாத்திரை தீர்ந்ததா என்று அவள் கேட்காமலே பாருங்கள். சமையலும் துணியும் இரண்டு வாரம் உங்கள் பொறுப்பு. உங்களுக்கும் துக்கம் இருந்தால் சொல்லுங்கள். ஆனால் அவளே உங்களைத் தேற்றும்படி ஆக்கிவிடாதீர்கள்.

எனக்கு விருப்பமில்லை. வீட்டில் கட்டாயப்படுத்தினார்கள்.

அப்படியென்றால் மேலே சொன்ன பல பதில்கள் உங்களுக்குப் பொருந்தாது. விரும்பிய கர்ப்பத்தை இழந்தவரின் துக்கமும், சொந்த வீட்டிலேயே பாதுகாப்பில்லை என்ற உணர்வும் சேர்ந்தது உங்களுடையது. ஆய்வுகளும், மற்றவர் நெருக்கடியில் செய்தவர்களுக்குத்தான் பிறகு அதிகச் சிரமம் என்கின்றன. பெண்ணின் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைப்பது பாரதிய நியாய சன்ஹிதா 89ஆம் பிரிவின்படி கடுங்குற்றம். புகார் கொடுப்பதா என்பதை இன்றே முடிவு செய்ய வேண்டாம். பெண்கள் உதவி எண் 181இல் பேசினால் சகி மையத்துக்கு வழி சொல்வார்கள். தங்குமிடம், சட்ட உதவி, கவுன்சலிங் அங்கே கிடைக்கும். அடி, மிரட்டல் இருந்தால் 112. போனை வீட்டில் பார்ப்பார்கள் என்றால் பக்கத்து வீட்டிலிருந்தோ வேலை இடத்திலிருந்தோ கூப்பிடுங்கள்.

வேலைக்கு எப்போது போகலாம்?

உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் பலர் இரண்டு மூன்று நாளில் போகிறார்கள். பொம்மனஹள்ளி, பீன்யா பக்கம் கார்மென்ட்ஸில் நாள் முழுக்க மெஷினில் இருப்பவர்களுக்கும், பாத்ரூம் போக சூப்பர்வைசரைக் கேட்க வேண்டியவர்களுக்கும் அது போதாது. மகப்பேறு நலச் சட்ட விதிகளிலேயே கருச்சிதைவுக்கும் மருத்துவக் கருக்கலைப்புக்கும் 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. இ.எஸ்.ஐ. இருப்பவர்களுக்கும் சந்தா நிபந்தனைக்கு உட்பட்டு 6 வாரப் பணப்பலன் உண்டு. சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் பலர் இதைக் கேட்பதே இல்லை. ரகசியம் முக்கியம் என்றால் சாதாரண சிக் லீவுக்கு, காரணம் விரிவாக எழுதாத மருத்துவச் சான்றிதழ் தர முடியுமா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

மொபைலைத் திறந்தால் குழந்தை டயப்பர் விளம்பரம். "உங்கள் குழந்தை இன்று இவ்வளவு பெரிதாகிவிட்டது" என்று ஆப் சொல்கிறது.

ஆப்பை அழித்தால் மட்டும் போதாது, மின்னஞ்சல் தொடர்ந்து வரும். முதலில் ஆப்புக்குள்ளே போய் கர்ப்பம் முடிந்தது அல்லது கர்ப்பத்தைக் கண்காணிப்பதை நிறுத்து என்ற தேர்வைத் தட்டி, கணக்கையே நீக்குங்கள். பிறகு ஆப்பை எடுத்துவிடுங்கள். கூகுள் கணக்கின் விளம்பர அமைப்புகளில் கர்ப்பம், குழந்தை வளர்ப்பு சம்பந்தமான விளம்பரத்தைக் குறைக்கச் சொல்லும் வசதி இருக்கிறது. இன்ஸ்டாகிராமிலும் அப்படியே. தேடல் வரலாற்றையும் அழியுங்கள். சொந்தத்தில் வளைகாப்பு வந்தால் ஒரு மொய்க் கவரை அனுப்பிவிட்டு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம், அது பொய்யும் இல்லை.

ஏற்கனவே டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

நிறுத்தாதீர்கள். உங்கள் மனநல டாக்டரிடம் கருக்கலைப்பு நடந்ததைச் சொல்லி, அடுத்த அப்பாயின்ட்மென்ட்டை முன்னால் கொண்டுவாருங்கள். 2011இல் பிரிட்டனின் மருத்துவ ராயல் கல்லூரிகளின் கூட்டமைப்பு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பிறகு யாருக்கு மனநலச் சிக்கல் வரும் என்பதைக் காட்டிய முக்கியமான அடையாளம் முன்பே அது இருந்ததுதான். திட்டமிடாத கர்ப்பத்தில் கலைத்தவர்களுக்கும் பெற்றவர்களுக்கும் இடையே விகிதத்தில் வித்தியாசம் இல்லை. "கருக்கலைப்பு நோய்க்குறி" என்று இணையத்தில் சொல்லப்படுவது எந்த அதிகாரபூர்வ மனநோய்ப் பட்டியலிலும் கிடையாது.

எப்போது கவுன்சலரைப் பார்க்க வேண்டும்? பெங்களூரில் தமிழில் பேச ஆள் உண்டா?

பெரும்பாலான நாட்கள் மனசு இருண்டே இருந்து, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரம் தாண்டினால் பாருங்கள். சமைக்க, குளிக்க, பிள்ளையைக் கவனிக்க முடியாமல் போனால், தூங்குவதற்காகக் குடிக்க ஆரம்பித்திருந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். செத்துப்போகலாம் என்று தோன்றினால் இன்றே, இப்போதே.

டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும். 2022 அக்டோபர் 10 முதல் நடக்கும் மத்திய அரசுச் சேவை, இதை வழிநடத்துவது பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிதான். தமிழ் உண்டு. "மாத்திரை போட்டுக் கரு கலைத்தேன், இத்தனை நாள் ஆகிறது, இப்படி இருக்கிறது" என்று ஆரம்பியுங்கள். எடுத்தவர் உபதேசம் செய்தால் வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுங்கள், வேறு ஆள் வருவார். ஒருவர் சரியில்லை என்பதற்காக உதவியையே விட்டுவிட வேண்டாம்.

நேரில் என்றால் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ். உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் அங்கே அவசரப் பிரிவு இரவும் பகலும் திறந்திருக்கும். சாதாரண ஓ.பி.க்குக் காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் அதிகம், அரை நாள் ஆகிவிடும். டிஸ்சார்ஜ் சீட்டு, சாப்பிடும் மாத்திரைகள், அந்த ஒரு வரி நோட்டு மூன்றையும் கொண்டுபோங்கள். தமிழ் தெரிந்த டாக்டர் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள், தமிழ் தெரிந்தவர்கள் இருப்பார்கள். மாமியாரையோ பெரிய பிள்ளையையோ மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள், அவர்கள் முன் நீங்கள் உண்மையைச் சொல்ல மாட்டீர்கள்.

தனியார் கவுன்சலர் என்றால் முதல் போனிலேயே கேளுங்கள்: "கருக்கலைப்புக்குப் பிறகு வரும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? அது பற்றி உங்கள் கருத்து என்ன?" இழுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இனி குழந்தை பிறக்குமா?

பிறக்கும். சிக்கலில்லாமல் முடிந்த மாத்திரைக் கருக்கலைப்பு குழந்தை பாக்கியத்தைக் கெடுப்பதில்லை.

அவர் பக்கத்தில் வந்தாலே உடம்பு நடுங்குகிறது. மறுபடி கர்ப்பமாகிவிடுமோ என்று பயம்.

பயத்தின் ஒரு பாதி உண்மையான தகவல். பீரியட்ஸ் நான்கு முதல் ஆறு வாரத்தில் வரும், ஆனால் கருமுட்டை அதற்கு முன்பே வெளிவரும். மாத்திரை போட்டு 8 நாளிலேயே வரக்கூடும். ஆகவே அடுத்த பீரியட்ஸ் வரட்டும் என்று காத்திருப்பதுதான் ஏமாறும் இடம். கருத்தடை மாத்திரையைக் கருக்கலைப்பு நாளிலேயே ஆரம்பிக்கலாம், காப்பர் டி முழுதாகக் கலைந்தது உறுதியானதும் போடலாம், ஆணுறை எப்போதும் உண்டு. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை 15ஆம் நாள் செக்கப்பிலேயே கேட்டு முடிவு செய்துவிடுங்கள்.

மறு பாதி மனசினுடையது, அதற்குத் தேதி கிடையாது. இரத்தப்போக்கு நின்ற பிறகும், இரண்டு மாதம் ஆன பிறகும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அணைப்பது மட்டும், அதற்கு மேல் இல்லை என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் பக்கத்தில் படுக்கும் பயம் குறையும். அந்தப் பேச்சைப் படுக்கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். பகலில், டீ குடிக்கும்போது பேசுங்கள்.